கயிற்றுக்கு வெளியே நின்றவள்

ராசப்பன் கடைவாய்ப்பல் பிடுங்கப் போய் நாய்க்குட்டியோடு திரும்பி வந்தார். எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். வாசலில் கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்த வசந்தாமணி, புல்லட் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவருக்கு ஒரு பக்கத்துக் கன்னம் தேங்காய் மூடி போல வீங்கியிருந்தது. சட்டைக்குள்ளிருந்து கறுப்பு மூக்கொன்று எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, இதென்னங்க கூத்து?"

ராசப்பனுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டே சொன்னார். "அல்சேஷன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பல் டாக்டரு அருணகிரி ஊட்டுக் குட்டி. தாய்நாயி வாங்கின கப்பெல்லாம் அங்க அலமாரி நெறைய நிக்குது. தை மாசம் சேலத்துல நாய்க் கண்காட்சி வெக்கறாங்க. நாமளும் இதக் கொண்டுபோயி நிறுத்தோணும்."

"வலிக்கு ஊசி போட்டாங்களே, அதுல ஏதாச்சும் கலந்துட்டாங்களா?"

அவர் சிரிக்க முயன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். குட்டிக்குக் காகிதத்தில் நீளமாக ஓர் இங்கிலீஷ் பேர் இருந்தது. வீட்டில் கூப்பிடப் பிரின்ஸ் என்றார்.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் கருக்கம்பாளையத்தில் அவர்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம். ராசப்பனுக்கு மனசு மண்ணில் பாதி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பாதி. கூட்டாளிகளோடு வண்டியை ஆந்திராவுக்கு ஓட்டிக்கொண்டு போனால் வர நாலைந்து மாதமாகும். ஒரே மகளைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குட்டி வந்த பத்தாம் நாள் ரிக் கிளம்பியது.

"பத்திரமாப் பாத்துக்க. தைக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப் போய்விட்டார். எருமை இரண்டு, கோழி ஏழு, கறக்கவும் களையெடுக்கவும் ஆள் தேடி அலையும் பாடு, இத்தனைக்கும் நடுவில் செருப்பைக் கடித்துக்கொண்டு ஒரு குட்டி. வசந்தாமணிக்கு நாய் என்றாலே அதுவரை ஆகாது. வாசலைத் தாண்டி விட்டதில்லை. ஆனால் அந்தக் குட்டி அவள் சாணி அள்ளினால் கூடவே போனது. பால் கறந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நுரையைப் பார்த்தது. துணி துவைத்தால் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. புரட்டாசி முடிவதற்குள் "இந்தா சாமி, நவுந்து உக்காரு" என்று அதனிடம் பேச ஆரம்பித்திருந்தாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் குட்டி பாலைத் தொடவில்லை. மத்தியானம் வாந்தி எடுத்தது. பொழுது சாயக் கழிச்சல் கண்டது. மறுநாள் விடிந்து பார்த்தால் கழிச்சலில் ரத்தம். வீடு முழுக்க இதுவரை அவள் முகர்ந்தறியாத கெட்ட வாடை. தொட்டால் காது சில்லிட்டிருந்தது. வசந்தாமணி மாட்டுக்குக் கொடுக்கும் கைமருந்தையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். எதைக் கொடுத்தாலும் தங்கவில்லை.

அப்போது அவளுக்குப் பழனியம்மாளின் நினைப்பு வந்தது.

பழனியம்மாள் பத்து வருஷம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தவள். சின்ன வயசில் ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவில் நாய்களுக்குக் குளிப்பாட்டி, சீவி, சோறு வைக்கிற வேலை பார்த்தவள். களையெடுக்கும்போது அந்தக் கதைகளைச் சொல்லுவாள். துரைசாணி நாய்க்குப் பல் விளக்கிவிட்டதை அவள் நடித்துக் காட்டினால் காடே சிரிக்கும். ஆனால் இந்தச் சித்திரையில், மாரியம்மன் நோன்பு சமயத்தில், வாசலில் கழுவி வைத்திருந்த பித்தளைக் குண்டா காணாமல் போனது. ராசப்பன் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "உன்னத் தவுர இங்க வேற ஆரு வந்தா? திருட்டுக் கழுத" என்றார். பழனியம்மாள் மறுபேச்சுப் பேசாமல் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். வசந்தாமணி கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஆனியில் கிணற்றுக்குத் தூர் வாரியபோது குண்டா சேற்றுக்குள்ளிருந்து வந்தது. கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்தார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு வசந்தாமணி ஏரிமேட்டுக் குடிசைகளுக்குப் போனாள். பழனியம்மாள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆண்டி கூரை ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துக்கொண்டிருந்தான். இருவரும் எழுந்து நின்றார்கள். வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

"பழனீ" என்றாள் வசந்தாமணி. "அந்தக் குண்டா கெணத்துல கெடந்துது."

"தெரியுமுங்க."

"ஆரு சொன்னா?"

"தூர் வாரறப்ப சேத்துக்குள்ள கையி விட்டு எடுத்து, உங்க வாசப்படியில கொண்டாந்து வெச்சது எங்க ஊட்டுக்காரருதானுங்க."

வசந்தாமணிக்குத் தலையில் மழை விழுவது போல இருந்தது. குடை கையில்தான் இருந்தது. படியில் இருந்த குண்டாவை எடுத்து உள்ளே வைத்தவள் அவள்தான். யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்கக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை.

"நான் அப்பவே வந்து சொல்லியிருக்கோணும். அதுக்கு முன்னால, அவரு பேசறப்பவே வாயத் தொறந்திருக்கோணும். தொறக்கல. தப்பு என்னுதுதான்."

பழனியம்மாள் களியைப் பார்த்தபடியே கேட்டாள். "இந்த மழையில இதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு வரவில்லை.

"இல்ல. நாய்க்குட்டி சாகக் கெடக்குது. ரத்தமாப் போவுது. உனக்குத்தான் வெவரம் தெரியும்னு கூப்பிட வந்தேன். வர்ற வழியில, இதச் சொல்லாம உன்னக் கூப்பிட எனக்கு என்ன மொகம் இருக்குதுன்னு பட்டுச்சு."

பழனியம்மாள் துடுப்பை ஆண்டியிடம் கொடுத்தாள். "கட்டி தட்டாம கெளறி எறக்கி வெய்யி" என்று சொல்லிவிட்டு, கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டாள். "நடங்க. உங்களுக்காவ வரலீங்க. அந்த வாயில்லாச் சீவன் என்ன பண்ணுச்சு?"

குட்டியைக் கண்டதும் பழனியம்மாள் குந்தி உட்கார்ந்து அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். முதுகுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. "உடம்புல தண்ணியே இல்லீங்க. இது கைமருந்துக்கு அடங்காது. டாக்டருகிட்டப் போவோணும், இப்பவே."

பஸ்காரன் நாயை ஏற்ற மாட்டேன் என்றான். ரோட்டோரம் நனைந்தபடி இரண்டு பெண்கள் கோணியில் சுற்றிய குட்டியோடு நின்றார்கள். எடப்பாடியிலிருந்து துணி பேல் ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏறுங்கம்மா, எங்கூட்டுலயும் ஒண்ணு கெடக்குது" என்று முன்னால் இடம் கொடுத்தார். அவர் பேரைக்கூட வசந்தாமணி கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் எத்தனையோ நாள் அந்த முகத்தை ரோட்டில் போகிற லாரிகளில் தேடியிருக்கிறாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். குட்டியின் முன்னங்காலில் மயிரைச் சிரைத்து நரம்பு தேடி சலைன் ஏற்றினார். "இது இப்பத்தான் நம்ம பக்கம் வந்திருக்கிற நோயிங்க. அடிச்சு நிறுத்த மருந்து கெடையாது. தெனமும் கொண்டாங்க. உடம்புல தண்ணி வத்தாமப் பாத்துக்கிட்டா, அதுவா மீண்டு வரோணும். சொல்ல முடியாது."

ஐந்து நாள். காலையில் ஏதாவது லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்புவார்கள். வீட்டில் பழனியம்மாள் உப்பும் சர்க்கரையும் கலந்த வெந்நீரைச் சங்கில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுவாள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு, சித்த நேரம் விட்டு மறுபடி விடுவாள். வசந்தாமணி அடுப்புச் சாம்பலைச் சூடாக்கித் துணியில் முடிந்து வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்தாள். பத்து வருஷத்தில் வீட்டுக் கூடமான ஆசாரத்துக்குள் கால் வைத்திராத பழனியம்மாள் ஆசாரத்தின் நடுவில் காலை நீட்டி, மடியில் குட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது இருவருக்குமே முதல் நாள் உறைத்தது. இரண்டாம் நாள் மறந்துபோனது.

ஆறாம் நாள் மழை விட்டது. வெயில் வாசலில் விழுந்ததும் குட்டி தானாகத் தலையைத் தூக்கியது. பழனியம்மாள் தட்டில் நீர்மோரை வைத்தாள். நக்கியது. நாலே நாலு நக்கு. பிறகு களைத்துப் போய்த் தட்டுக்குள்ளேயே மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது.

வசந்தாமணி எழுந்து மாடு அடைக்கும் தொண்டுபட்டிப் பக்கம் போய் நின்று அழுதாள். திரும்பி வந்து, "பழனீ, இந்த உசுரு நீ குடுத்தது" என்றாள்.

"போங்க அம்மிணி. ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான கெடந்தோம்" என்றாள் பழனியம்மாள். குண்டா போன நாளுக்குப் பிறகு அவள் அம்மிணி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். வசந்தாமணிக்கு அந்தச் சொல் வயிற்றுக்குள் இதமாக இறங்கியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அருணகிரி காரில் வந்தார். தான் கொடுத்த குட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர், பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். வலது காது நிமிர்ந்து நின்றது. இடது காது பாதியில் மடிந்து தொங்கியது.

"இதே நோயில நான் குடுத்த வேற ரெண்டு குட்டி போயிருச்சும்மா. இது பொழச்சதே பெரிசு. கண்காட்சியெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"காதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் பழனியம்மாள் வேலியோரமிருந்து. "பல்லு மொளைக்கறப்ப அப்பிடித்தான் தொங்கும். கசக்காம உட்டா ஒசக்க வந்துருமுங்க. துரை ஊட்டுல மூணு குட்டி பாத்திருக்கறேன்."

அருணகிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "சரியாத்தான் சொல்றே" என்றார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே இருவருக்கும் காட்டிக் கொடுத்தார். நாயை நிறுத்தும்போது ஒரு பின்னங்கால் வயிற்றுக்கடியில் வரவேண்டும், மற்றது பின்னால் நீளவேண்டும். கயிறு இடது கையில். ஓடும்போது இழுக்கக்கூடாது, தொய்யவும் கூடாது. நடுவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், உடம்பெல்லாம் தடவுவார், அதட்டக்கூடாது. "தை பொறக்கறதுக்குள்ள தேறுனா தகவல் சொல்லுங்க" என்று கிளம்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வேறு மாதிரி விடிந்தது. ராகிக் களி, பால், முட்டை. ஆண்டி சந்தையிலிருந்து ஆட்டெலும்பு வாங்கி வந்து குடிசையில் வேகவைத்துத் தூக்குப்போசியில் சாறு கொண்டுவருவான். உழுத காட்டில் வசந்தாமணி நாயோடு ஓடுவாள். புழுதி மண்ணில் ஓடினால் தொடை இறுகும் என்பது பழனியம்மாளின் கணக்கு. பாறைமேட்டில் நடக்க வைத்து நகத்தைத் தேய்த்தார்கள். வாரத்துக்கொருமுறை சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, வெயிலில் உலர்த்தி, வாலிலிருந்து கழுத்துவரை சீப்பால் சீவினார்கள். பழனியம்மாள் வாயில் பிரின்ஸ் நுழையவில்லை. பிரிஞ்சி ஆகிவிட்டது. நாயும் பிரிஞ்சி என்றால்தான் திரும்பியது. கூட்டத்துக்குப் பழகவேண்டும் என்று திருச்செங்கோட்டுச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். "ஏனம்மிணி, நாயி விக்கறதுக்குங்களா?" என்று கேட்டவனிடம், "இல்லீங்க, உங்களப் பாக்கக் கூட்டியாந்தேன்" என்றாள் வசந்தாமணி. பழனியம்மாள் வெங்காயக் கடை வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

மார்கழிக் கடைசியில் ராசப்பன் வந்து இறங்கினார். வாசலில் பழனியம்மாள் நாய்க்குச் சீவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சீப்பைக் கீழே வைத்து எழுந்தாள். நாய் அவரைப் பார்த்து உறுமியது.

"இவ எதுக்கு இங்க?" என்றார் மெதுவாக, மனைவியிடம்.

வசந்தாமணி அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, பழனியம்மாள் கேட்கும்படியாகவே, மழையையும் ரத்தத்தையும் லாரியையும் ஐந்து நாளையும் சொன்னாள். சேற்றிலிருந்து குண்டாவை எடுத்துப் படியில் வைத்தவன் யார் என்பதையும் சொன்னாள். ராசப்பன் காலிச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எருமைகளைப் பார்க்கிற சாக்கில் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் காலையில் அவர் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். நாய் உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட் காட்டினார். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"நான் புடிக்கறனுங்க" என்றாள் வசந்தாமணி.

"அத்தன பேரு முன்னால பொம்பள ஓடறதா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கட்டுமுங்க. பாக்கத்தானே கூட்டிக்கிட்டுப் போறோம்."

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளியின் ஜீப்பை வாங்கிக்கொண்டு ராசப்பன் ஓட்ட, சேலத்துக்குப் போனார்கள். பின்னால் இரண்டு பெண்களுக்கு நடுவில் நாய் உட்கார்ந்து வந்தது. ஆண்டி எருமைகளுக்குக் காவலாகத் தோட்டத்திலேயே இருந்துகொண்டான். சேர்வராயன் மலையில் இன்னும் பனி விலகவில்லை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு கட்டி வளையம் வளையமாகப் பிரித்திருந்தார்கள். மைக்கில் இங்கிலீஷ் முழங்கியது. பவுடர் போட்ட நாய்கள், ரிப்பன் கட்டிய நாய்கள், கன்றுக்குட்டி உயரத்தில் நாய்கள். பேண்ட் போட்ட பெண்கள் அவற்றோடு நடந்தார்கள். இளம்பிள்ளைத் தறிச் சேலையில் வந்த வசந்தாமணி கயிற்றோரத்திலேயே நின்றுவிட்டாள்.

"பழனீ, எனக்குக் கால் வரல."

"செருப்பக் கழட்டிப் போடுங்க. நம்ம காட்டுல வெறுங்காலோடதான ஓடுனீங்க? இதும் மண்ணுதான்."

செருப்பைக் கழற்றினாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். அருணகிரி அவள் கையில் எண் எழுதிய அட்டையைக் கட்டிவிட்டார்.

பிரிஞ்சியின் வயதுப் பிரிவில் ஆறு அல்சேஷன் குட்டிகள். நடுவர் பெங்களூர்க்காரர், நரைத்த மீசை. பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். ஆண்குட்டிதானா என்று தொடையிடுக்கில் கை கொடுத்துப் பார்த்தபோது வசந்தாமணி மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கீச்சென்று வீறிட்டது. பிரிஞ்சி ஒடுங்கியது. இரண்டு வாரமாக நிமிர்ந்து நின்ற இடது காது சரிந்தது. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டது. வசந்தாமணி முதுகைத் தடவினாள். அசையவில்லை.

கயிற்றுக்கு வெளியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழனியம்மாள் முன்னால் வந்தாள். நாக்கைச் சொடுக்கி, "பிரிஞ்சீ" என்றாள். கையில் பட்டை அணிந்த கண்காட்சி ஆள் ஒருவன், வெளியிலிருந்து கூப்பிடக்கூடாது என்று கையைக் காட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. இரண்டு கையையும் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சந்தையில் வெங்காயக் கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி சாதாரணமாக நின்றாள்.

நாய் அவளைப் பார்த்தது. முதலில் வால் காலிடுக்கிலிருந்து விடுபட்டு நேரானது. மார்பு முன்னால் வந்தது. பின்னங்கால் தானாக நீண்டது. இரண்டு காதும் நட்டது போல நின்றன. நடுவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கையை வீசி ஓடச் சொன்னார்.

வசந்தாமணி ஓடினாள். கயிறு இழுபடவும் இல்லை, தொய்யவும் இல்லை. கண்ணுக்குக் கூட்டம் தெரியவில்லை. காலுக்கடியில் குளிர்ந்த மண்ணும், இடது முழங்காலோடு ஒட்டி வருகிற அந்த மூச்சும் மட்டும்தான் தெரிந்தன. சாகக் கிடந்த சீவன் இப்படி ஓடுகிறதே என்று நினைத்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு, பேர் தெரியாத லாரிக்காரருக்கு, எலும்பு வேகவைத்த ஆண்டிக்கு. பழனியம்மாளுக்குச் சொல்ல மட்டும் எந்தச் சொல்லும் போதவில்லை.

இரண்டாம் பரிசு. நடுவர் நீல ரிப்பன் பூவொன்றை அவள் கையில் கொடுத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அருணகிரி அதைத் தமிழில் சொன்னார். "உடம்பு இன்னும் கொஞ்சம் பத்தல, அதனாலதான் ரெண்டாவது. ஆனா நடை ரொம்ப நல்லா இருக்குதாம். வளத்த கைக்கு நன்றி சொல்லச் சொல்றாரு."

"அந்தக் கை அங்க நிக்குதுங்க" என்று வசந்தாமணி கயிற்றுக்கு வெளியே காட்டினாள். மீசைக்காரர் திரும்பி, பழனியம்மாளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். பழனியம்மாள் பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினாள்.

வேப்பமர நிழலில் துண்டை விரித்து இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த புளிச்சோற்றை ஒரே அடுக்குப்போசியிலிருந்து எடுத்துத் தின்றார்கள். நாய் குறுக்கே படுத்துத் தூங்கியது. ராசப்பன் மைதான வாசல் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கண்ணாடி கிளாசில் டீ வாங்கிக்கொண்டு, தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். பழனியம்மாள் எழப்போனாள். வசந்தாமணி அவள் தோளை அழுத்தினாள்.

"எடுத்துக்க பழனியம்மா" என்று குனிந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

ராசப்பன் அங்கேயே நின்றார். "அன்னைக்கு வாசல்ல வெச்சு நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பரவாயில்லீங்க என்று அவள் சொல்லிவிடுவாள் என எதிர்பார்த்தது போல இருந்தது. பழனியம்மாள் சொல்லவில்லை. கிளாசைப் பிடித்தபடி, கோபமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருடின்னு சொன்னேன். நாலு பேரு கேக்கச் சொன்னேன். தப்பு. ஊருல போயி அதே நாலு பேரு கேக்க நானே சொல்றேன். நீ மட்டும் வரலீன்னா இன்னைக்கு இது ஏது? உனக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கறோம்."

"செரிங்க சாமி" என்றாள் பழனியம்மாள். அப்புறம் டீயை ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

மைக்கில் அடுத்த பிரிவைக் கூப்பிட்டார்கள். ராசப்பன் சாவியை எடுத்துக்கொண்டு, "கெளம்பலாமா?" என்றார்.

பழனியம்மாள் வசந்தாமணியின் காதோரம் சாய்ந்தாள். "அம்மிணி, அந்தக் கன்னுக்குட்டியாட்ட நாயிங்க இருக்குதில்லீங்களா, அதுக இனித்தான் ஓடப்போவுதாட்டக்குது. இருந்து பாத்துட்டுப் போலாமுங்களா?"

வசந்தாமணி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சாவியை மறுபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, துண்டின் ஓரத்தில் அவர்களோடு உட்கார்ந்தார்.